"சுத்தமில்லாதவள்" என்று எழுதிய காகிதம்

அன்புள்ள மகனுக்கு,

நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்டாகிவிட்டது. இங்கே அப்பா பிழைத்து எழுந்து உட்கார்ந்திருக்கிறார், அதில் உன் பங்கு ஒன்றுமில்லை, படுக்க வைத்ததில்தான் உன் பங்கு. உன் வக்கீல் அனுப்பிய விவாகரத்துக் காகிதம் திங்கட்கிழமை வந்தது. உன் பெண்டாட்டி சுத்தமில்லாதவள், அவளோடு குடித்தனம் நடத்தினால் உடம்புக்கு ஆகாது, இதை மாமியாராகிய நானே கண்ணால் பார்த்தேன் என்று எழுதி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சில் புள்ளி வேறு வைத்திருக்கிறாய். வாய் கூசாமல் போனில் கேட்கிறாய், "போட்டாச்சாம்மா" என்று.

அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நீ ஒருமுறைகூட முழுதாகக் கேட்கவில்லை, இப்போது படி. பார்சலில் ஆன்டிபயாடிக் அனுப்பினாயே, "சளி பிடிச்சா உடனே போடுங்க, டாக்டர்கிட்ட போய் நிக்காதீங்க" என்று, அதை அந்த மனுஷன் பிள்ளை அனுப்பியதாயிற்றே என்று மூன்று தடவை, தடவைக்குப் பத்து நாள், பக்தியாக விழுங்கினார். நானும் விழுங்கினேன். சளி போனதோ இல்லையோ அவருக்கு வயிறு போய்விட்டது, நாளைக்குப் பதினைந்து முறை. ஊரில் உள்ள லிஃப்ட்டையெல்லாம் ஏறிப் பழுது பார்த்தவர் கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். அவர் கால்சட்டை இடுப்பை இரண்டு முறை பிடித்துத் தைத்தேன், மூன்றாம் முறை ஊசியை எடுக்க மனசு வரவில்லை. டாக்டரம்மா விளக்கிச் சொன்னார், குடலில் கோடிக்கணக்கில் நல்ல கிருமிகள் இருக்குமாம், நோயை எதிர்க்கும் சக்தியில் பெரும்பகுதி குடலை ஒட்டித்தான் இருக்குமாம், யார் வேண்டியவன் யார் எதிரி என்று அதைப் பழக்குவதே இந்தக் கிருமிகள்தானாம். உன் மாத்திரை நல்லதையெல்லாம் கூண்டோடு விரட்டிவிட்டது, ஒரு முரட்டுக் கிருமி காலி பஸ்ஸில் ஏறியதுபோல் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. மருந்துக்கு இரண்டு முறை அடங்கி இரண்டு முறையும் திரும்பி வந்தது. ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தை வாங்கி, சோதித்து, கரைத்து வடிகட்டி, குழாய் வழியாக அப்பாவின் குடலுக்குள் விட வேண்டும், இல்லாவிட்டால் அவர் தாங்க மாட்டார் என்றார்.

உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். "சீ, கருமம், வேற ஆஸ்பத்திரி பாருங்க" என்று வைத்துவிட்டாய். நான் தருகிறேன் என்றேன், என்னுடையதைச் சேர்த்துக்கொள்ளவில்லை, உன் மாத்திரையைத் தின்ற குடல் அல்லவா. நான் வார்டுக்கு வெளியே அழுதுகொண்டிருந்தபோது உன் பெண்டாட்டி வந்தாள், நர்சரியில் செடிகளுக்குத் தொட்டி மாற்றிவிட்டு நேராக, நகத்தில் மண்ணோடு. நீ வக்கீலிடம் எழுதிக் கொடுத்தாயே, அதே மண். என்னைப் பார்த்துவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பக்கத்தில் உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம்கூடச் சுளிக்கவில்லை. "இவ்வளவுதானா அத்தை, எங்கிட்ட தினமும் கிடைக்குமே" என்றாள். அழுகையோடு சிரித்துவிட்டேன். ரத்தம், மலம் எல்லாம் சோதித்தார்கள், ஒரு குறையும் இல்லை. மண்ணில் வேலை செய்வதாலா என்று கேட்டேன், அப்படியெல்லாம் சொல்லிவிட முடியாது, நல்ல உடம்பு, அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா. குழாய் வைத்து நான்காம் நாள் அப்பா ஒரே ஒரு முறைதான் கழிப்பறைக்குப் போனார், அதற்கு நான் நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உன் பேச்சைக் கேட்டு அவளுக்குத் தனி டம்ளர் வைத்த பாவி நான், என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

பிரிவதானால் பிரிந்து போ, அது உங்கள் இருவர் விவகாரம். ஆனால் அந்த வார்த்தையை எடு. அவள் உடம்பிலிருந்து வந்தது இப்போது அப்பாவின் உடம்பில் உயிரோடு இருக்கிறது, இனி அவளைச் சொன்னால் அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறாய். இதைப் படித்துக் காட்டினேன், "ரொம்பத் திட்டாதே, நல்லா இருக்கணும்னு எழுது" என்கிறார். அது அவருடைய ஆசீர்வாதம், என்னுடையது இப்போதைக்கு இல்லை. தும்மல் வந்தால் தும்மு, மாத்திரையைத் தேடி ஓடாதே. உன் காகிதம் இதோடு திரும்பி வருகிறது. இந்த உறைக்குள் என் கையெழுத்து இருக்கும் ஒரே இடம் கீழேதான்.

இப்படிக்கு,
உன் அம்மா