ஆயிரத்து எழுநூறு கிலோவுக்குள் ஒரு வீடு

மே 3, புதன்

மழை. வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்பக்கம் அடித்திருக்கும் தகட்டைப் படித்தேன். நான்கு எண்கள். படித்து முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. முதல் எண், வேனும் அதில் ஏற்றியதும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்பது: மூவாயிரம் கிலோ. இரண்டாவது, வேனும் பின்னால் இழுக்கும் டிரெய்லரும் சேர்ந்து. மற்ற இரண்டும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும். பதினொரு வருடமாக இந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன். இது இவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியாது.

பிறகு டிரெய்லரின் தகடு. அதில் ஆயிரத்து எழுநூறு. நானும் என் மனைவி மிசெல்லியும் குடியிருக்கும் வீடு, கட்டில், அடுப்பு, திரைச்சீலை எல்லாம் சேர்த்து அதற்கு மேல் போகக் கூடாது.

போன ஜூனில் போனது. வடக்கு இங்கிலாந்தில் ஆப்பிள்பி குதிரைச் சந்தைக்குப் போகும் வழியில் சாலை அதிகாரிகள் ஓரம் கட்டச் சொல்லி எடை போட்டார்கள். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு. அதிகம் உள்ளதை இறக்காமல் நகரக் கூடாது என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது, அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனாம். மிசெல்லி இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை. எங்கள் மகன் லேவி வந்து பாதிச் சாமானை ஏற்றிக்கொள்ள, திரும்பி வந்தோம். ஐம்பத்தொரு வருடத்தில் அவள் தவறவிட்ட ஒரே சந்தை.

இந்த வருடமும் திருப்பி அனுப்பினால் டிரெய்லரை விற்றுவிட வேண்டும், வேன் சாவியை லேவியிடம் கொடுத்துவிட வேண்டும். அவனோடு உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டி ஒப்புக்கொண்டுவிட்டேன். எங்கள் ஜிப்சி ஆட்களிடம் கை தட்டினால் பேச்சு முடிந்தது.

மே 5, வெள்ளி

நூலகத்தில் பாடம். எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் பாலின் அம்மாள், மற்றவர்களைப் போல் என்னையும் செய்தித்தாள் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நான் டிரெய்லர் தகட்டைக் கழற்றிக்கொண்டு போனேன்.

"எலியாஸ், இதைக் கழற்றலாமா?"

"தெரியலம்மா. அதையும் சேர்த்துப் படிச்சுச் சொல்லுங்க."

திரும்ப மாட்டிவிட்டேன். ஒரு திருகாணி மிச்சம்.

மே 9, செவ்வாய்

லேவி வந்தான். "எழுபது தாண்டினா டிரெய்லர் இழுக்கக் கூடாதுப்பா. எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு எழுபத்திரண்டு."

எடையைக் குறைக்கலாம், வயதை எதில் இறக்கி வைப்பது?

பாலின் அம்மாளிடம் ஓடினேன். ஓட்டுநர் உரிமத்தின் பின்பக்கத்தையும் அரசாங்கத் தாளையும் நானே படித்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். எழுபதானதும் என்னிடமிருந்து போனது லாரி மட்டும். அதற்கு மருத்துவர் சான்று வேண்டும். மூன்றரை டன் வரைக்கும் வேன், அதன் பின்னால் மூன்றரை டன் வரைக்கும் டிரெய்லர் – இன்னும் எனக்கு உண்டு! உண்டு என்ற வரியை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் உண்டு.

மே 14, ஞாயிறு

நேற்று பழைய இரும்புக் கடையின் எடைமேடையில் டிரெய்லரை ஏற்றினேன். ஆயிரத்து எண்ணூற்று எண்பது. நூற்றெண்பது கிலோ இறக்க வேண்டும்.

வேனில் இடம் இருக்கிறது. முந்நூறு, நானூறு கிலோ தாங்கும். ஆகவே கனமானதை எல்லாம் வேனுக்கு மாற்றலாம் என்று மிசெல்லியிடம் சொன்னேன். முதலில் அவளுடைய பீங்கான் பெட்டி. தங்க விளிம்பு போட்டது, எண்பத்து நான்கு உருப்படி.

"வேன்லயா? நாய் படுக்கிற இடத்துலயா? அப்புறம் அதுல நீ டீ குடிப்பியாய்யா?"

குடிக்க மாட்டேன்தான். யாரும் குடிக்க மாட்டார்கள். முகம் கழுவ ஒரு கிண்ணம், தட்டு கழுவ ஒன்று, துணிக்கு ஒன்று என்று ஐந்து எஃகுக் கிண்ணம் வைத்திருக்கிறவள் அவள். ஒன்றில் செய்வதை இன்னொன்றில் செய்தால் கிண்ணமே குப்பைக்குப் போகும்.

"அப்ப நாயை டிரெய்லர்ல ஏத்திட்டு..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

மே 20, சனி

அடுப்புக் கம்பிகள், ஜெனரேட்டர், குதிரைச் சேணம், எரிவாயு உருளை ஒன்று – எல்லாம் வேனுக்கு. இரும்பை வைத்து அடிக்கும் என் அடைகல்லும். லாடம் அடித்த காலத்துக் கல். எங்களிடம் குதிரை இல்லாமல் ஒன்பது வருடம் ஆகிறது. எதற்கு அது என்று மிசெல்லி கேட்டாள். இருமினேன்.

மே 22, திங்கள்

அவள் துணி உலர்த்தப் போன நேரத்தில் ஒரு கேக் தட்டு, இரண்டு இரும்புச் சட்டி, மேரி மாதா சிலை ஆகியவற்றைக் கடத்தி வேனில் வைத்தேன். தேநீருக்குப் பிறகு பார்த்தால் எல்லாம் பழைய இடத்தில். மாதா என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

மே 25, வியாழன்

மறுபடி எடைமேடை. ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. இன்னும் தொண்ணூறு அதிகம்! உள்ளே கட்டிலும் அலமாரியும் கிண்ணமும் பீங்கானும் மாதாவும் தவிர ஒன்றும் இல்லை; கேக் தட்டையும் சட்டிகளையும்கூட மிசெல்லி தன் தங்கையிடம் கொடுத்துவிட்டாள். நடந்தால் எதிரொலிக்கிறது.

மிசெல்லியின் தம்பி கோலியாத் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். பெயர்தான் கோலியாத். ஆள் துடைப்பக் குச்சி.

"மச்சான், எங்கக்கா உள்ள ஒளிஞ்சிருக்கா போல. இறக்கிட்டுப் போடு."

ஈரத்துணி அவன் காதில் விழுந்தது. அவள் குறி தப்பாது.

சாப்பிட உட்கார்ந்தோம். கடைசியில், "பீங்கானை என் தங்கச்சிகிட்ட விட்டுட்டு வரேன்யா," என்றாள். அந்தப் பெட்டி இல்லாமல் சந்தையில் எவருக்கும் அவள் தேநீர் கொடுத்ததில்லை.

மே 29, திங்கள்

சிரிப்பு அடங்கவில்லை. நிதானமாக எழுதுகிறேன்.

இந்த டிரெய்லரை மூன்று வருடம் முன்பு செங்கல் வீட்டில் வாழும் ஜனங்களிடம் வாங்கினோம். உள்ளேயே கழிப்பறை வைத்துக் கட்டியது. சோறு தின்னும் கூரைக்குக் கீழே கழிப்பறை! அந்தக் கதவை மிசெல்லி முதல் நாளே சாத்தி, அதை மறைத்து அலமாரியை நகர்த்திவிட்டாள். குழாய்களையும் தொட்டதில்லை. அந்த அறைப் பக்கம் ஓடிவரும் தண்ணீரை யார் குடிப்பது? எங்கள் தண்ணீர் வெளியே, எஃகுக் கேன்களில்.

டிரெய்லரோடு வரும் புத்தகம் எங்கே இருக்கும் என்று பாலின் அம்மாள் கேட்டபோதுதான் அந்த அறை நினைவு வந்தது. கையுறை போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் எடுத்தேன். மூன்று நாள் படித்தேன். இன்று முப்பத்தோராம் பக்கம்: புறப்படும் முன் தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யவும். நூறு லிட்டர்.

தொட்டியா!

அடியில் படுத்துத் தவழ்ந்து திருகைக் கண்டுபிடித்துத் திறந்தேன். பச்சையாகக் கொட்டியது. அரைமணி நேரம்.

"மூணு வருஷமாவா?" மிசெல்லி தலையில் கை வைத்தாள். "எவனோ ஒருத்தன் கழிப்பறைக்கு ஊத்தி வச்ச தண்ணிய ஊரூராச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கோமா?"

"அந்தத் தண்ணிதான் போன வருஷம் சந்தைக்குப் போக ஆசைப்பட்டிருக்கு."

கையுறையை எரித்தாள். என்னை முழங்கை வரை தேய்த்தாள். என்னையும் எரித்திருப்பாள், வேன் ஓட்ட ஆள் வேண்டுமே.

மே 30, செவ்வாய்

ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. பீங்கான் உள்ளே!

"எட்டுக் கிலோ மிச்சமா?" என்றாள். கண்ணில் கேக் தட்டு தெரிந்தது.

ஜூன் 6, செவ்வாய்

காலையில் கிளம்பினோம். லேவி தன் வேனிலும் டிரெய்லரிலும் பின்னாலேயே வந்தான். சாவி வாங்கத்தான்.

ஏ1 சாலையை விட்டு மேற்கே திரும்பிச் சிறிது தூரம். அதே இடம். மஞ்சள் சட்டை, கையசைப்பு. ஓரம் கட்டினேன். மிசெல்லி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி ஒரு இளம்பெண். டிரெய்லரை மேடையில் ஏற்றச் சொன்னாள். எண் ஓடியது, நின்றது. ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றாறு.

நான்கு கிலோ கூடியிருக்கிறது. கேக் தட்டு. மிசெல்லி வானத்தைப் பார்த்தாள்.

"சரியா இருக்கு ஐயா. உரிமம்?"

கொடுத்தேன். பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கேட்பதற்குள் நானே அரசாங்கத் தாளை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். வரிக்கு வரி. விரல் வைத்து. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"ஐயா, எனக்குத் தெரியும். நீங்க போகலாம்."

"இரும்மா, இன்னும் ரெண்டு வரிதான்."

"ஐயா, பின்னாடி இருபது வண்டி நிக்குது."

"அவங்களும் கேக்கட்டும். நல்ல விஷயம்தானே."

இரண்டு வரியையும் முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். என் வாசிப்பால் வரிசை நீண்டுவிட்டதால் அடுத்த பத்து வண்டிகளை எடை போடாமலே விட்டார்கள். லேவியின் வண்டியையும்.

ஜூன் 7, புதன்

குன்றின் மேல் இடம் கிடைத்தது. மிசெல்லி பீங்கானை விரித்துவிட்டாள். பதினாறு பேருக்குத் தேநீர்.

ஜூன் 9, வெள்ளி

கோலியாத் என் கதையைச் சந்தை முழுக்கச் சொல்கிறான். அவன் சொல்வதில் தொட்டி ஐந்நூறு லிட்டர், உள்ளே மீன்.

ஜூன் 11, ஞாயிறு

நாளை திரும்புகிறோம். எல்லோரும் ஆற்றில் குதிரைகள் நீந்துவதைப் பார்க்கப் போயிருந்தபோது லேவி வந்தான். கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றான்.

"அப்பா, என் வண்டித் தகட்டையும் கொஞ்சம் பாக்குறீங்களா?"

அவனுக்கும் எழுத்து வராது. அவன் குரல் நாற்பத்து நான்கு வயதுக்காரன் குரலாக இல்லை. என் நாக்கில் ஆயிரம் கிண்டல் வந்து நின்றது. பத்து வருடம் வைத்துச் சாப்பிடலாம். விழுங்கிவிட்டேன். முழங்கால் போட்டு உட்கார்ந்து படித்தேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். எந்த எண் எதற்கு என்று விரல் வைத்துக் காட்டினேன். ஏற்றியிருக்கும் சாமானைக் கூட்டிப் பார்த்தோம். சந்தையில் வாங்கிய இரண்டு இரும்பு அடுப்போடு நூற்றைம்பது கிலோவாவது அதிகம்.

அவன் தகட்டை மறுபடி தடவிப் பார்த்தான். "இப்படியேவா இத்தனை வருஷமா ஓட்டினேன்?"

வேன் சாவி என் பையிலேயே இருந்தது. என் வேனில் இடம் இருந்தது. அவனுடைய அடுப்புகள் இப்போது அதில் இருக்கின்றன, நாய்க்குப் பக்கத்தில்.

காலையில் நான் முன்னால் போகிறேன். அவன் பின்னால் வருவான்.