நாய்த்துளசித் தண்ணீர்

மரக்காணம்,
மாசி, 2005

அன்புள்ள அக்காவுக்கு,

துளசிக்கும் நாய்த்துளசிக்கும் வித்தியாசம் அதிகமில்லை. நாய்த்துளசியின் இலை சற்றுச் சிறியது, வெளிர்பச்சை. கசக்கினால் எலுமிச்சை மணக்கும். ஒரே குடும்பத்துச் செடிகள்தான். ஆனால் பூஜைக்கு ஒன்றை மட்டுமே சேர்த்துக்கொள்வார்கள்.

டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது நம் வாசல் துளசி உப்பில் கருகிவிட்டது. போன மாதக் கடைசியில் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, வாயில் ஊற்றத் துளசித் தண்ணீர் வேண்டும் என்றார்கள். ரோட்டு மேட்டில் நாய்த்துளசிதான் கிடைத்தது.

“அடியே, பெருமாளுக்கே ஆவாதத உங்கப்பனுக்கு ஊத்தப் போறியா?” என்று அத்தை கத்தினாள். நான் கசக்கிப் போட்டு ஊற்றினேன்.

அப்பா கண் திறக்கவில்லை. “பெரியவ வந்துட்டாளா? அவ தலையில வச்சிக்கிற வாசனை அடிக்குது” என்றார். நீ விரும்பியவரோடு போனதிலிருந்து உன் பெயரை எடுக்கவிடாத மனிதர்.

“வந்துட்டாப்பா” என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசிவரை விடவில்லை.

உனக்குச் சொல்லி அனுப்ப யாரும் சம்மதிக்கவில்லை. காரியமும் முடிந்து, அத்தையும் மற்றவர்களும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இனி நீ வரலாம், அக்கா. தடுக்க இந்த வீட்டில் யாரும் இல்லை.

உன் தங்கை