பத்தொன்பது என்று எழுதினேன்

ரூசே,
அக்டோபர் 14, செவ்வாய்

அன்புத் தங்கை ஸ்லாத்காவுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரர் ஸ்தாமெனும், மகன் போயான் குடும்பமும் சரகோசாவில் நலமாக இருக்க வேண்டும். இங்கே நான் எழுந்து நடமாடுகிறேன். என் வலது கண் நன்றாக ஆறிவிட்டது. புரையை எடுத்து, உள்ளே லென்ஸ் வைத்து, அரை மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கட்டை அவிழ்த்ததும் ஜன்னலுக்கு வெளியே தன்யூப் ஆறு தெரிந்தது. இத்தனை நாள் சாம்பல் பூத்திருந்த தண்ணீர் பச்சையாக இருந்தது. நான் அழுதுவிட்டேன். கட்டை அவிழ்த்த நர்ஸ், "சந்தோஷத்துல அழாதீங்கம்மா, மருந்து கரைஞ்சிடும்" என்றாள். சந்தோஷம் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

இந்த வருடம் துவையலுக்குக் குடைமிளகாய் சுடவில்லை. கண்ணில் புகை படக்கூடாதாம். கீழ்வீட்டு தான்கா நான்கு குப்பித் துவையல் கொண்டுவந்து கொடுத்தாள். உப்பு அதிகம். அவளிடம் சொல்லிவிடாதே.

இனி சொல்லப்போவதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். மூன்று முறை எடுத்து எண்ணை அழுத்தவும் செய்தேன். ஆனால் நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய், பக்கத்தில் ஸ்தாமென் உட்கார்ந்திருப்பார். அவரால் இனி எழுத்தைப் படிக்க முடியாது என்று தெரிந்துதான் கடிதம் எழுதுகிறேன். என் கோழைத்தனங்களில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும். முதலில் நீ மட்டும் படி.

நீ அனுப்பிய ஸ்தாமெனின் மருத்துவத் தாள்கள் வந்து சேர்ந்தன. கூட நீ எழுதியிருந்ததைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். "உனக்கு ஒரே நாள்ல திரை விலகிடுச்சுல்ல? இங்க இவங்க பாஷையில நரம்பு கிரம்புன்னு என்னமோ சொல்றாங்க, போயானுக்கே பாதி புரியல. சோனேவா டாக்டர்கிட்ட கேளுக்கா. ஊருக்குக் கூட்டிட்டு வந்தா இவருக்கும் திரையை எடுத்துவிடுவாங்களா?"

என்னோடு கண் மருத்துவமனையில் இருந்த டாக்டர் சோனேவா வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. வீட்டுக்கே போனேன். தாள்களை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பென்கா, இது புரை இல்ல. புரைன்னா ஜன்னல் கண்ணாடி மங்கின மாதிரி, மாத்திடலாம். இது கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைத் தின்ன நோய். போன பார்வை போனதுதான், எந்த ஊருக்குப் போனாலும் திரும்பாது."

ஸ்தாமெனின் வலது கண்ணில் இனி ஒன்றுமில்லை, ஸ்லாத்கா. இடது கண்ணில் நடுவில் மட்டும் மங்கலாகப் பார்வை இருக்கிறது, குழாய்க்குள் பார்ப்பதுபோல. அந்த மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்கிறார்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவர் பஸ் டிரைவரா இருந்தப்ப நம்மகிட்டதானே பரிசோதனைக்கு வந்தாரு? அப்ப அழுத்தம் எவ்வளவு இருந்துச்சு?" நினைவில்லை என்று சொன்னேன். பொய்.

ஆறு வருடங்களுக்கு முன், மே மாதம். போயானின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஓட்டுநர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். கண்ணில் காற்றை ஊதி அழுத்தம் பார்க்கும் இயந்திரம் என் பொறுப்பில் இருந்தது. ஸ்தாமென் உட்கார்ந்ததும், "என்னக்கா, வெள்ளைக் கோட்டு போட்டா சொந்தம் மறந்துடுமா? கொஞ்சம் மெதுவா ஊதுங்க" என்று எல்லோரையும் சிரிக்கவைத்தார். இரண்டு கண்ணிலும் இருபத்தொன்பது காட்டியது. இருபத்தொன்றைத் தாண்டினால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும், பக்கப் பார்வையையும் சோதிக்க வேண்டும். அதற்கு இன்னொரு நாள் வரவேண்டியிருக்கும், அதுவரை வண்டியைத் தொட விடமாட்டார்கள்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "சிமிட்டிட்டேன்கா, அதான் ஏறிடுச்சு. கல்யாணத்து நேரத்துல என்னை வீட்டுல உட்கார வெச்சுடாதீங்க. ஸ்லாத்கா ஏற்கெனவே என்னைக் கொல்றா" என்றார் குனிந்து. நான் பத்தொன்பது என்று எழுதினேன். இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று, அவ்வளவுதான். "கல்யாணம் முடிஞ்சதும் டாக்டரைப் பாத்துடுங்க மாப்பிள்ளை, சத்தியமா?" என்று கேட்டேன். சத்தியம் செய்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன். "எனக்கு அக்கரையில காக்கா கூடு கட்டுறது கூடத் தெரியுதுக்கா" என்று இரண்டு முறையும் சிரித்தார். மூன்றாவது முறை கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டால் நான் எழுதிய எண்ணை நானே எடுத்துக் காட்டியதுபோல் ஆகும். ஆகவே நிறுத்திக்கொண்டேன். அந்த நோய் வலிக்காது, சிவக்காது, ஓரங்களில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருடும் என்பது முப்பது வருடம் கண் பரிசோதனை அறையில் வேலை பார்த்த எனக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்திக்கொண்டேன்.

உன் பேத்தியின் ஞானஸ்நான விருந்து உனக்கு நினைவிருக்கும். ஸ்தாமென் சாராயத்தைக் கோப்பைக்குப் பக்கத்தில் மேசைவிரிப்பில் ஊற்றினார். "ஊத்தறதுக்கு முன்னாடியே ஏறிடுச்சு இவருக்கு!" என்று நீ கத்தினாய். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கிருந்தவர்களில் காரணம் தெரிந்திருக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். அவர் வாயிற்கம்பத்தில் காரை இடித்தபோது நீ குடிகாரன் என்று திட்டியதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். பாவம், அன்று அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. நீ திட்டியதற்காக வருந்தாதே. உனக்குத் தெரியாது.

கிளம்பும்போது சோனேவா சொன்னதைக் கேட்டால் நீ என்னை வெறுப்பாய். "அப்பவே பிடிச்சிருந்தா ராத்திரிக்கு ஒரு சொட்டு மருந்து, அவ்வளவுதான். பஸ்ஸும் ஓட்டியிருப்பாரு" என்றார். நான் எதைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்த எண்ணை மாற்றினேனோ, அதற்கு ஆபத்தே இருந்திருக்காது.

இனி நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். சொட்டு மருந்து போட்டும் பார்வை கூடவில்லை என்று அவர் நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய். அது பார்வையைக் கூட்டும் மருந்து இல்லை, ஸ்லாத்கா. இருப்பது போகாமல் பிடித்துவைக்கும் மருந்து. அவர் எவ்வளவு முரண்டு பிடித்தாலும் விடாதே. கீழிமையை இழுத்து ஒரு சொட்டு, பிறகு கண்ணை மூடி மூக்கோரம் விரலால் ஒரு நிமிடம் அழுத்து. எரியும், சிவக்கும், பயப்படாதே. சாமந்திப்பூத் தண்ணீரில் கண் கழுவுவதை இன்றே விட்டுவிடு. அந்த ஊர் டாக்டர்கள் அழுத்தத்தைக் குறைக்க அறுவை சிகிச்சை சொன்னால் மறுக்காதே. அதனாலும் போனது வராது, ஆனால் இருப்பது இன்னும் கொஞ்ச காலம் நிற்கும். பயணம் செய்து இங்கே வரவேண்டாம். அவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று. ஸ்தாமெனின் அப்பா கடைசிக் காலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது நினைவிருக்கிறதா? வயதாகிவிட்டது என்றோம். இது பரம்பரையாக வரும் நோய். போயானுக்கு முப்பத்தாறு. இந்த வாரமே அவனைக் கண் டாக்டரிடம் அனுப்பு. நன்றாகத் தெரிகிறது என்று சிரிப்பான், அவன் அப்பாவின் பிள்ளைதானே. சிரிக்கவிடாதே. ஒரு முறை பார்த்தால் போதாது, வருடாவருடம் பார்க்கவேண்டும்.

இதை எழுதாமலேயே இருந்திருக்கலாம். என் வலது கண்ணைக் காட்டி, என்னைப்போல அவருக்கும் சரியாகிவிடும் என்று நீ நம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது முடியவில்லை.

ஸ்தாமெனிடம் படித்துக் காட்டுவதா என்பதை நீ முடிவு செய். ஒருமுறை அவருக்காக நான் முடிவு செய்தேன், இனி அந்த உரிமை எனக்கில்லை. படித்துக் காட்டினால் எதையும் விட்டுவிடாதே, என்னைக் காப்பாற்றுகிற மாதிரி எந்த வரியையும் மென்மையாக்கிப் படிக்காதே. அவர் திட்டினால் அதையும் எனக்கு எழுது, அப்படியே.

பதில் எழுத உனக்குத் தோன்றவில்லை என்றால் எழுதாதே. போயான் மட்டும் டாக்டரிடமிருந்து வந்ததும் ஒரு வரி எழுதட்டும். அதற்காகத் தினமும் கீழே இறங்கிப் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். ஆண்டவர் அந்தப் பிள்ளையின் கண்களைத் தொடாமல் விடட்டும்.

உன்னோடு பிறந்தவள்,
பென்கா