ரோட்டைப் பாத்து நிக்குற சோலார்

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு, வல்லத்திலிருந்து அம்மா ஆசையா எழுதறது. இங்க நானும் மாடும் நல்லா இருக்கோம், குஜராத்துல நீயும் வேளைக்கு சாப்ட்டு சொகமா இருக்கணும்னு பெருமாளை வேண்டிக்கிறேன். உங்கப்பா சொகத்தை மட்டும் கேக்காதே, அது இப்ப வெயிலைப் பொறுத்து கீது. போன்ல சொல்றதுக்கு இன்னான்னு கேப்பே, நீ போன் பண்ணாலே அந்த மனுஷன் பக்கத்துல வந்து நின்னுகினு மடிச்ச துணியையே திரும்ப மடிக்கிறாரு, அதான் பேப்பர்ல எழுதறேன்.

நம்ம வூட்டு மேல சோலார் ஏறிடுச்சுடி, மயக்கம் போட்டுடாதே. ஒரகடத்துல சோலார் பிளேட் செய்யற லைன்ல நீ வேலை பாத்தப்போ, தெனம் ஷிப்ட் முடிஞ்சு வந்து கை கூட கழுவாம, போடலாம்பா பில்லு கொறையும்னு தலையால தண்ணி குடிச்சியே, வெயில்ல வத்தல் காயும், கரண்ட் எங்கேந்து வரும்னு கேட்டாரே உங்கப்பா, அதே மனுஷன்தான் இப்ப போட்டாரு. குஜராத் பிளான்ட்டுல சூப்பர்வைசர் வேலைன்னு நீ கெளம்பினதுலேந்து உங்கிட்ட பேச்சே இல்ல, பெத்த பொண்ணு சொல்லு எங்க காதுல ஏறும், அவரு தலையில தூக்கி வெச்சு ஆடற நடிகர் சொல்லணும். போன மாசம் அந்த நடிகர் கருப்புக் கண்ணாடி போட்டுகினு தன் பங்களா மாடியில பிளேட்டைத் தடவிக் குடுத்து வீடியோ போட்டாரு, அவ்ளோதான், சூரியனையே அவருதான் கண்டுபுடிச்ச மாதிரி தெருவே எழுந்துகிச்சு. பிரியாணிக் கடை லோகேஷ் கூட நாமளும் போட்டா அவரு லைக் போடுவாரான்னு கேக்கறான். சரி, எப்படியோ உங்கப்பாவும் போட்டாரேன்னு நானும் சந்தோசப்பட்டேன். ஆனா மாட்ட வந்தவங்க தெக்குப் பக்கம் சாய்ச்சாத்தான் வெயில் நல்லா வுழும்னு தலைபாடா அடிச்சிகினாங்க, தெக்கால மாட்டுக் கொட்டாய்தானே, அங்க யாரு பாப்பாங்கன்னாரு உங்கப்பா. வீடியோவுல கேட்லேந்தே பளபளன்னு தெரிஞ்சுதாம், நம்முளுதும் வடக்கால ரோட்டைப் பாத்து நெட்டுக்க நிக்கணும்னு ஒரே புடி. இப்ப கம்பெனி பஸ்ல போற அத்தினி பேரும் நம்ம சோலாரைப் பாக்கறாங்க, சூரியன் மட்டும் பாக்க மாட்டேங்குது. கரண்ட் ஏன் கம்மின்னா மேகமாம். மண்டை பொளக்குற வெயில்ல மேகமாம்.

எனக்கு கரண்ட் வந்தா இன்னா வராட்டி இன்னா, நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கறதுதான் தாங்கலடி. இதை எழுதறப்போ எட்டிப் பாத்தாரு, யாருக்குன்னு கேக்கல. வெளிய போனவரு திரும்பி வந்து, பிளேட்டை எந்தப் பக்கம் திருப்பணும்னு அதுல ஒரு வார்த்தை கேளு, நான் கேட்டேன்னு எழுதாதேன்னாரு. எழுதிட்டேன். தெக்குன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கொட்டாயில கட்டியிருக்கற மாட்டுக்குக் கூட தெரியும்.

எந்தக் கொறையும் இல்லாம நல்லா இரு, ஓ.டி. ஓ.டி.ன்னு ஒடம்பைக் கெடுத்துக்காதே. ஞாயித்துக்கெழம மறக்காம போன் பண்ணு. பதிலை எங்கிட்ட சொல்லாதே, போனை அவர் கையில குடுத்துட்டு நான் கொட்டாய்க்குப் போயிடறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகம்