பஸ்ஸிலிருந்து தெரியும் கிரவுண்டு

எஸ்தர்,

தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்பவில்லை. தக்காளிச் சோறு குக்கரில் இருக்கிறது. மேட்சுக்கு முன்னால் சாப்பிடு. சாவியைப் பக்கத்து வீட்டு மோனிகா அக்காவிடம் கொடுத்துவிடு.

ஆட்டத்தின்போது பெற்றோர் கோச்சிடம் பேசக் கூடாது என்ற ரூல் எனக்கும் தெரியும். போன மேட்சில் உன்னை வெளியே உட்கார வைத்ததும் பொறுக்கவில்லை. கபடிக் கோட்டைத் தாண்டி வந்து கோச் மிஸ்ஸிடம் சத்தம் போட்டுவிட்டேன். "இனிமே கிரவுண்டாண்ட வராதம்மா, ஒரே பேஜாரா கீது" என்றாய். அதோடு என்னிடம் பேச்சே இல்லை.

இன்று வர மாட்டேன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ் உங்கள் கிரவுண்டை ஒட்டித்தான் போகும். ஜன்னல் ஓரம் உட்காருவேன். இறங்க மாட்டேன்.

அம்மா

மேட்ச் பனியனைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். மேலே டிராக் ஜாக்கெட் போட்டுக்கொள்ளாதே. முதுகில் இருக்கும் நம்பர் எனக்குத் தெரிய வேண்டும்.