பரதத்துக்கு மட்டும் ஒரு ரூல்

திண்டிவனம், மாசி மாதம், செவ்வாய் இரவு

பெரிய பேரன் இன்ஜினீயர். சின்னவன் காலேஜில் முதல் மார்க். பேத்தி வசந்தி பரதத்தில் மாவட்டத்துக்கே முதலாவதாக வந்தவள். வரும் ஞாயிறு விழுப்புரம் மண்டபத்தில் அவள் ஆடுகிறாளாம். நானும் வருகிறேன் என்றதற்கு, "கொரோனா ரூல்மா, அறுபது தாண்டினவங்கள உள்ள வுடமாட்டாங்க" என்றான் மகன். நம்பினேன்.

இன்று குழாயடியில் எதிர்வீட்டு சரோஜா, என்னைவிட மூத்தவள், அதே மண்டபத்தில் நாடகம் பார்த்துவிட்டு வந்த கதையைச் சொன்னாள். "எந்தக் காலத்துல கீற ராஜம்? ரூலெல்லாம் எடுத்துட்டாங்க. நாற்காலில ஒட்டின டேப்பையே பிச்சிட்டாங்க. நெருக்கியடிச்சிக்கினு உக்காந்தோம்."

உடனே மகனுக்குப் போன் போட்டேன்.

"நாடகத்துக்கு வுடுவாங்கம்மா. பரதத்துக்குத்தான் வுடமாட்டாங்க."

"ஏன்டா, கொரோனாவுக்குப் பரதம்தான் புடிக்குமா?"

போனை வசந்தியிடம் கொடு என்றேன். தூங்குகிறாளாம், சாயங்காலம் ஆறு மணிக்கு.

என்னைச் சபையில் காட்ட வெட்கமா? இல்லை, மண்டபம் மூடிக்கிடந்த நாளில் அவள் ஆடுவதையே விட்டுவிட்டாளா? அதை என்னிடம் மறைக்கிறார்களா?

காலையில் மகனுக்குக் கார்டு எழுதுவேன். ஞாயிறு ஆட்டம் முடிந்ததும், சலங்கை கட்டின கோலத்தில் வசந்தியைப் புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. பழசை அனுப்பி ஏமாற்றாதே. பிள்ளை இந்நேரம் வளர்ந்திருப்பாள், பார்த்தால் எனக்குத் தெரியும்.