அழைக்க வேண்டிய எண்

கெலுகோர், திங்கட்கிழமை காலை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலமே, யார் வேறு விதமாகச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கருவிகளின் விளக்கக் குறிப்புகளை நான் திருத்திக் கொடுக்கும், பிறை ஊரிலுள்ள தொழிற்சாலையில், முதியவர்களுக்கென்று ஒரு கைப்பட்டை செய்திருக்கிறார்கள். அணிந்தவர் விழுந்தால் அதுவே உறவினரைத் தொலைபேசியில் அழைக்குமாம். சோதித்துப் பார்க்க என் கையில் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, நெற்றி தரையில் பட வணங்கினேன். சிறிது நேரத்தில் பொறியாளர் யுகேந்திரன் மூச்சிரைக்க வாசலில் நின்றான்.

“ஆன்ட்டி, விழுந்துட்டீங்களா?”

“சாமி கும்பிட்டேன். உங்க மெஷினுக்கு அது தெரியாதா?”

“அத நாங்க யோசிக்கலயே லா!”

நாற்பது பட்டதாரிகள் சேர்ந்து செய்த கருவி! ஒருவர்கூடத் தரையில் தலை வைத்துக் கும்பிட்டதில்லை போலும். பக்கத்து வீட்டு மஹ்பூபா தொழும் ஐந்து வேளையும் ஆம்புலன்ஸ் வருமா? விற்கத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கைப்பட்டைப் படிவத்தில் உறவினர் எண் கேட்ட கட்டத்தில், என் வீட்டுக்காரர் போன பிறகு யாரை எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருந்தேன். யுகேந்திரன் தன் எண்ணைப் போட்டிருக்கிறான். அந்த இரக்கம் எனக்குத் தேவையில்லை.

தொழிற்சாலைப் பேருந்து வந்துவிட்டது. நீங்கள் உங்கள் மகன் வீட்டுக்குக் குடிபோன பிறகு புதிய எண்ணைத் தரவில்லை. உடனே அனுப்புங்கள். படிவத்துக்காக மட்டும்தான்.

தங்கை,
சந்திரிகா